டேங்க் கட்டி இறங்கி மீன் பார்ப்பது: வடசென்னையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து ஸ்கூபா (காற்று டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது) பழக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டணம், உபகரணம், சர்டிஃபிகேட் விவரமெல்லாம் பயிற்சி நிலையங்களே சொல்லிவிடும். தண்ணீருக்குள் மீன் என்ன செய்கிறது, அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தப் பக்கம்.

வீட்டு வாசலில் கடலை வைத்துக்கொண்டு ஏன் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வரை போக வேண்டும்? காசிமேட்டிலோ எண்ணூரிலோ இறங்கக் கூடாதா?

இறங்கக் கூடாது. சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதைத் தாண்டிக் காட்டுப்பள்ளி என்று இந்தக் கரை நெடுகக் கப்பல் வரத்து. விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும் இரவு பகல் பாராமல் போய் வருகின்றன. தலைக்கு மேல் ஓடும் படகுக்கு, கீழே ஓர் ஆள் மேலே வந்துகொண்டிருப்பது தெரியாது. துறைமுக எல்லைக்குள் இஷ்டத்துக்கு இறங்க அனுமதியும் கிடையாது. அதோடு கூவமும் கொசஸ்தலையும் கொண்டுவந்து விடும் கலங்கல். நீட்டிய கை தெரியாத தண்ணீரில் மீனை எங்கே பார்ப்பது?

அதனால்தான் நீலாங்கரை, கோவளம், புதுச்சேரி. அங்கேயும் பவளப்பாறைக் காட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நம் பக்கத்துக் கடலடி பெரும்பாலும் மணல். நடுநடுவே பார், அதாவது கடலுக்குள் இருக்கும் கல்மேடு. மூழ்கிய படகு, மீன் சேருவதற்காகப் போட்ட செயற்கைப் பாறை, இவையும் உண்டு. மணல்வெளியில் ஒரு கல் கிடந்தாலும் மீன் அதைச் சுற்றித்தான் குடியிருக்கும். பழகுகிறவருக்கு இது ரொம்ப வசதி. பார்க்க வேண்டிய இடம் சின்னது, மீனும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். பவளப்பாறை பார்க்க வேண்டுமென்றால் அந்தமான், இலட்சத்தீவு என்று கிளம்ப வேண்டியதுதான்.

எந்த மாதம் நல்லது?

வாடை மழை ஓய்ந்து, ஆற்றுத் தண்ணீர் கடலில் கலப்பது குறைந்த பிறகு. பிப்ரவரியிலிருந்து மே வரை ஓரளவு நம்பிப் போகலாம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை இந்தக் கரையில் அந்த நினைப்பே வேண்டாம். அந்த ‘நல்ல’ மாதங்களிலும் கடல் ஒரே இரவில் கலங்கிவிடும். முதல் நாள் மாலை படகுக்காரரிடம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். இழுவலை ஓடாத அந்த நாட்களில் கீழே இறங்கிப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நீச்சல் தெரியாது. இறங்கலாமா?

பயிற்றுநர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் அறிமுக டைவுக்கு நீச்சல் கேட்க மாட்டார்கள். ஆனால் அதில் உங்கள் கவனம் முழுக்க மூச்சிலும் காதிலும்தான் இருக்கும், மீனை ஊன்றிப் பார்க்க முடியாது. தனியாக நிதானித்துப் பார்க்க வேண்டுமானால் முறையாகக் கோர்ஸ் படிக்க வேண்டும். அதற்கு 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். குறைந்தது பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை இருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள்.

அண்ணா, நான் இறங்கினதும் மீனெல்லாம் ஓடிப்போச்சு. மத்தவங்க மட்டும் எப்படிப் பக்கத்துல பார்க்கிறாங்க?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொடுவா மீனைக் கையில் எடுத்தால் செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரை பக்கவாட்டில் ஒரு கோடு ஓடுவதைப் பார்க்கலாம். அது தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு. கலங்கலிலும் இருட்டிலும் மீன் அதை வைத்துத்தான் பக்கத்தில் என்ன நகர்கிறது என்று தெரிந்துகொள்கிறது. நீங்கள் ஃபின்னை, அதாவது காலில் மாட்டும் துடுப்பை, ஓங்கி அடிக்கும்போது அந்த அதிர்வு அதன் உடம்பில் விழுகிறது. உங்கள் மூச்சுக் குமிழிச் சத்தமும் சேர்ந்துகொள்கிறது. அதற்காக மூச்சை அடக்கிவிடாதீர்கள். ஸ்கூபாவில் மூச்சை அடக்கி மேலே வருவது நுரையீரலைக் கிழிக்கக்கூடிய காரியம். மெதுவாக, நீளமாக இழுத்து விடுங்கள். குமிழி குறையும், காற்றும் நிறைய நேரம் வரும்.

அடுத்தது கை. புதிதாக இறங்குகிறவர் தன்னை நிலைநிறுத்தக் கைகளால் துழாவிக்கொண்டே இருப்பார். தண்ணீரில் ஏறாமல் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும் பழக்கம் வந்தால்தான் கை தானாக அடங்கும். நீச்சல் குளத்தில் இதற்கென்றே நேரம் ஒதுக்கிப் பழகுங்கள். மீன் பார்க்க வருகிறவருக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறில்லை.

மூன்றாவது, மீனை நோக்கி நேராகப் போவது. மீனின் உலகத்தில் மேலேயிருந்து நேராக இறங்கி வருவது வேட்டைக்காரன்தான். மீன் இருக்கும் அதே ஆழத்தில், பக்கவாட்டில், வேறெங்கோ போகிற மாதிரி ஒதுங்கி வாருங்கள். ஈட்டித் துப்பாக்கியால் வேட்டையாடும் இடங்களில் மீன் இன்னும் தூரத்திலேயே விலகிப்போகும். அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் மீன் ஓடத்தான் செய்யும். ஓடட்டும். சந்தில் பந்து ஆடும் பிள்ளைகள் புது ஆளைக் கண்டால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், அவர் ஓரமாக ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் மறுபடி தொடங்குவார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அப்படி நின்றுவிடுங்கள். முதலில் பொடி மீன்கள் திரும்பி வரும். பிறகு மணலில் மேய்கிறவை. பெரிய கலவா கடைசியில்தான் பொந்திலிருந்து தலையை நீட்டும். ஐந்து நிமிடம் பொறுக்காதவருக்கு அந்தப் பாரில் கலவா இருந்ததே தெரியாமல் போகும்.

எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒன்றாக ஓடுகிறதே?

ஒரே ஒரு மீனைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணால். பத்து நிமிடம் அதை விடாதீர்கள். என்னிடம் பழகுகிறவர்களிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது இது ஒன்றுதான். “இன்னிக்கு எத்தனை வகை பார்த்தே?” என்று கேட்டுக்கொள்வதில் ஒரு சந்தோஷம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓடி ஓடி எண்ணுகிறவர் எந்த மீனையும் தெரிந்துகொள்வதில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் கேட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது. அது எதைக் கொத்துகிறது, பாசியையா, மணலையா, தண்ணீரில் மிதந்து வருவதையா? யாரைத் துரத்துகிறது? யார் வந்தால் விலகுகிறது? எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது? ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து திரும்பினால் அதுதான் அதன் எல்லை. டாம்செல் என்ற சிறு மீன் வகையில் சில, கல்லில் ஒரு முழ அகலத்துக்குப் பாசியைத் தோட்டமாகவே வளர்க்கும். வேண்டாத பாசியை வாயால் பிடுங்கிக் கொண்டுபோய் வெளியே போடும். விரல் நீள மீன், தன்னைவிடப் பல மடங்கு பெரிய கிளிஞ்சானை மோதி விரட்டும். உங்கள் மாஸ்க்கின் கண்ணாடியிலும் வந்து முட்டும். முட்டினால் நீங்கள் அதன் தோட்டத்தின் மேல் நிற்கிறீர்கள் என்று அர்த்தம், நகர்ந்துகொள்ளுங்கள்.

முட்டை காக்கும் மீனைப் பார்க்க முடியும் என்கிறார்களே?

முடியும், நம் பக்கத்திலேயே. மஞ்சள் முதுகும் ஐந்து கறுப்புப் பட்டைகளும் உள்ள உள்ளங்கை அளவு மீன் ஒன்று, பார்களிலும் மூழ்கிய படகுகளிலும் கூட்டமாகத் திரியும். டைவர்கள் சார்ஜென்ட் மேஜர் என்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் உடம்பு நீலம் பூத்து, ஓரிடத்தை விட்டு நகராமல் இருந்தால் அதன் பின்னாலிருக்கும் பாறையைப் பாருங்கள். கருஞ்சிவப்பாக ஒரு திட்டு ஒட்டியிருக்கும். நெருங்கிப் பார்த்தால் அத்தனையும் பொடி முட்டைகள். நிறம் மங்கிப் பச்சையடித்து, உள்ளே புள்ளி புள்ளியாகக் கண்கள் தெரிந்தால் பொரிக்கப் போகிறது.

காவல் இருப்பது அப்பன். தாய் முட்டையிட்டதும் போய்விடும். ஆண்மீன் துடுப்பால் விசிறி முட்டைக்கு நல்ல தண்ணீர் ஓடச் செய்யும், கெட்டுப்போனதை வாயால் எடுத்துப் போடும், வருகிறவனையெல்லாம் துரத்தும். நீங்கள் அருகே போய்ப் படமெடுத்தால் அது உங்களைத் துரத்த வெளியே வரும். அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் மற்ற மீன்கள் சுற்றிலும் காத்திருக்கின்றன. கூட்டமாகப் பாய்ந்து முட்டையைக் கொத்தித் தின்றுவிடும். நீங்கள் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள், நஷ்டம் அதற்கு. முட்டை காக்கும் மீனிடமிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

அந்தமான் போகிறோம். அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது எது?

சுறாவும் ஆமையும் தானாகக் கண்ணில் பட்டால் படட்டும். நீங்கள் தேட வேண்டியது துப்புரவு மீன். விரல் நீளம், வெளிர்நீல உடம்பு, மூக்கிலிருந்து வால் வரை கறுப்புக் கோடு. பாறையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் குடியிருக்கும். மற்ற மீன்கள் அதைத் தேடி வரும். வருகிற மீன் அசையாமல் நிற்கும், சில தலைகீழாகத் தொங்கும், சில நிறம் மாறும், வாயையும் செவுளையும் விரித்துக் காட்டும். ஒரே கடியில் விழுங்கிவிடக்கூடிய கலவாவின் வாய்க்குள் இந்தப் பொடியன் நுழைந்து, பல்லிடுக்கில் கொத்திவிட்டுச் செவுள் வழியாக வெளியே வருவான்.

அவன் தின்பது மீன் உடம்பில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் பொடி ஒட்டுண்ணிகளை. ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது என்று ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆனால் அவனுக்கு உண்மையில் பிடித்தது மீனின் தோலில் இருக்கும் வழவழப்பு. வாய்ப்புக் கிடைத்தால் அதையும் ஒரு கடி கடிப்பான். அப்போது வாடிக்கையாளர் உடம்பு சட்டென்று உதறும். அந்த உதறலைப் பார்க்கத்தான் நீங்கள் காத்திருக்க வேண்டும். கடிபட்ட மீன் அவனைத் துரத்தும், அல்லது வேறு இடம் பார்த்துப் போகும். வேறு மீன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் இவன் ஒழுங்காக வேலை செய்கிறான் என்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. இவனைப் போலவே நிறமும் நடையும் கொண்ட போலி ஒருவனும் உண்டு. அவன் நெருங்கி வந்து துடுப்பைக் கடித்துவிட்டு ஓடுவான். அசலுக்கு வாய் முனையில் இருக்கும், போலிக்குக் கொஞ்சம் கீழே தள்ளி இருக்கும்.

இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள வெறும் மணலையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஒரு பொந்தின் வாசலில் உளுவை இனத்து மீன் ஒன்று உட்கார்ந்திருக்கும். உள்ளேயிருந்து ஓர் இறால் மணலை வாரிக்கொண்டு வந்து வெளியே கொட்டும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. வெளியே வரும்போதெல்லாம் தன் மீசை ஒன்றை மீனின் மேல் வைத்துக்கொண்டே வேலை பார்க்கும். ஆபத்து என்றால் மீன் வாலை வெடுக்கென்று அசைக்கும், இறால் உள்ளே போய்விடும். பிறகு மீனும் தலைகீழாகப் பாய்ந்து மறையும். வீடு கட்டுவது இறால், காவல் மீன், குடியிருப்பது இரண்டும். இதைப் பார்க்க மணலோடு மணலாகத் தாழ்ந்து, மூன்று மீட்டர் தள்ளி, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். பலரும் இதன் மேலேயே நீந்திப் போய்விடுகிறார்கள்.

பாம்பு மாதிரி ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. கடிக்க வருகிறதா?

அது அஞ்சாலை. மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். பொந்துக்குள் கையை விட்டால் கடிக்கும். விடாதீர்கள்.

எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

கையால் எதையும் தொடாதவருக்குப் பெரிதாகப் பயமில்லை. சிங்கமீன், கல்மீன், திருக்கை, கெளுத்தி எல்லாவற்றுக்கும் முள்தான் ஆயுதம். அவை துரத்தி வந்து குத்துவதில்லை, நாம் போய் மிதிப்பதும் பிடிப்பதும்தான். குத்திவிட்டால் டைவை அங்கேயே முடித்து மேலே வந்து, தோல் தாங்கும் சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை முக்கி வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெந்நீர் வலியை நன்றாகக் குறைக்கும்.

உண்மையிலேயே துரத்துவது, கூடு காக்கும் பெரிய கிளாத்தி மீன். அந்தமான், இலட்சத்தீவுப் பக்கம் இதைப் பார்க்கலாம். அதன் எல்லை மணலில் உள்ள கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும். பயந்து மேலே ஏறினால் நீங்கள் இன்னும் அதன் எல்லைக்குள்ளேயே இருக்கிறீர்கள். அதே ஆழத்தில் கிடைமட்டமாக நீந்தி விலகுங்கள், ஃபின்னை அதன் பக்கம் காட்டிக்கொண்டு.

பேத்தையை உப்ப வைத்துப் படம் எடுக்காதீர்கள். உப்புவது அதற்கு விளையாட்டில்லை, உயிர்ப்பயம்.

எங்க அப்பா சின்ன வயசுலேர்ந்து கடலுக்குப் போறார். அவருக்குத் தெரியாத எதை நான் டேங்க் கட்டிப் பார்க்கப் போறேன்?

நல்ல கேள்வி. அப்பாவுக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்தாலே நீங்கள் பெரிய ஆள். எந்தப் பாரில் எந்த மாதம் எது நிற்கும், நீரோட்டம் திரும்பினால் எது கிளம்பும், தண்ணீரின் நிறத்தை வைத்தும் பறவையை வைத்தும் கீழே என்ன ஓடுகிறது என்று சொல்வது, இதெல்லாம் எந்தக் கோர்ஸிலும் கிடையாது. அப்பா மேலேயிருந்து கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் கீழே இருந்து கண்ணால் பார்க்கலாம். இறங்குவதற்கு முந்தைய நாள் அவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், பார்த்ததைத் திரும்பி வந்து அவரிடம் சொல்லுங்கள். சங்கரா வெளிச்சம் மாறும் நேரத்தில் நகர்கிறதா, கலவா ஒரே பொந்தில் எவ்வளவு நாள் இருக்கிறது என்றெல்லாம் அவர் உங்களைக் கேட்கத் தொடங்கிவிடுவார்.

டேங்க் கட்டுவதற்கு முன்னால் விடியற்காலைக் காசிமேட்டிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் நிற்கவே முடியாது. வார நாளில் போய் வாயைப் பாருங்கள். கிளிஞ்சானுக்கு அலகு, அது பாறையைச் சுரண்டித் தின்பதற்கு. வஞ்சிரத்துக்குக் கத்தி மாதிரி பல், துண்டாக வெட்டுவதற்கு. நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம், மணலோடு படுத்துக் கிடப்பதற்கு. காணாங்கெளுத்தியின் முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலேயிருந்து பார்க்கிற பறவைக்கு அது கடலோடு கலந்துவிடும், கீழேயிருந்து பார்க்கிற சீலாவுக்கு வானத்தோடு கலந்துவிடும்.

மீன் அறுத்துத் தரும் அக்காவிடம் கத்தாழையின் தலையைப் பிளந்து தரச் சொல்லுங்கள். உள்ளே பளிங்கு மாதிரி இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கும். அதுதான் மீனின் காதுக்கல். எலும்புள்ள மீன் எல்லாவற்றுக்கும் உண்டு, கத்தாழைக்கு நன்றாகப் பெரிது. மீன் கேட்பதும் உடம்பைச் சமநிலையில் வைப்பதும் அதனால்தான். காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்துக் கத்தாழை கொர்ரென்று சத்தமும் போடும். வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறும்போது உள்ளே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நெத்திலியோ மத்தியோ முழுசாகக் கிடக்கும். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தண்ணீருக்குள் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும்.

காசிமேட்டில் செக்கச்செவேலென்று இருக்கும் சங்கரா, கீழே அப்படித் தெரியவில்லையே?

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. பத்து மீட்டர் தாண்டினாலே சிவப்பு மங்கிச் சாம்பலாகத் தெரியும். ஆழத்தில் சிவப்பு மீன் ஒளிந்துகொள்வது அப்படித்தான். டார்ச் அடித்தால் நிறம் வரும். அதைக் கண்ணில் அடிக்காமல் பக்கத்தில் அடியுங்கள். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது.

அளவிலும் ஏமாந்துபோகாதீர்கள். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, கால்வாசி நெருக்கமாகத் தெரியும்.

மீன் ஆணாக இருந்து பெண்ணாக மாறுமாமே, உண்மையா?

உண்மை, அதுவும் நாம் வாங்கித் தின்னும் மீனிலேயே. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாகும். பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்தான். கலவா நேர்மாறு, முதலில் பெண், பெரிதானதும் சில ஆணாகும். துப்புரவு மீனில் ஓர் ஆணும் பல பெண்களும் சேர்ந்து வாழும். ஆண் செத்தால் பெரிய பெண் சில மணி நேரத்திலேயே ஆணைப் போல நடக்கத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஆணாகவே ஆகிவிடும். பெரியதை மட்டும் தேடித் தேடிப் பிடித்தால் கொடுவாவில் தாயும் கலவாவில் தகப்பனும் குறைந்துபோவது இதனால்தான்.

மீன் நம்மை அடையாளம் கண்டுகொள்ளுமா?

சில மீன்கள் கண்டுகொள்ளும். 2025-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மத்தியதரைக் கடலின் கோர்சிகா தீவுப் பக்கம் காட்டு மீன்கள், தங்களுக்குத் தீனி தந்த டைவரை மட்டும் பின்தொடர்ந்தன. அவரும் தீனி தராத இன்னொரு டைவரும் ஒரே மாதிரி உடையும் ஃபின்னும் அணிந்ததும் குழம்பிப்போயின. அதாவது உடுப்பின் நிறத்தைப் பார்த்து ஆளை நினைவு வைத்திருக்கின்றன.

அப்படியானால் நாமும் ரொட்டி போட்டுப் பழக்கலாமா?

வேண்டாம். அது ஆய்வு. நீங்கள் தீனி போட்டால் தீனிக்கு அடித்துக்கொள்ளும் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள், மீனின் இயல்பைப் பார்க்க மாட்டீர்கள்.

பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியவில்லை. ஆபத்தில்லையா?

ஆபத்துதான், அதனால் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீனைப் பார்த்து முடித்ததும் காற்று மீட்டர், ஆழம், கூட வந்தவர் என்ற வரிசையில் பாருங்கள். டேங்கில் 50 பார் (இங்கே பார் என்பது காற்றழுத்த அளவு) மிச்சத்தோடு படகில் இருக்கும்படி கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். ஆழத்தில் தூண்டிலில் மாட்டிய கலவாவை வேகமாக இழுத்தால் காற்றுப்பை விரிந்து வயிறு வாய்வழியே பிதுங்கி நிற்பதைக் காசிமேட்டில் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் குறையக் குறையக் காற்று விரிகிறது, நம் உடம்புக்கும் அதே விதிதான். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள், அந்த மூன்று நிமிடமும் மேல்தண்ணீரில் ஓடும் பொடிமீன் கூட்டத்தைப் பார்க்கலாம். அந்தமானிலிருந்து திரும்பும்போது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரம் விட்டு டிக்கெட் போடுங்கள்.

இவ்வளவு செலவுக்கு வசதியில்லை. டேங்க் இல்லாமல் பார்க்க வழி உண்டா?

உண்டு, அதுவும் வடசென்னையிலேயே. எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் தண்ணீர் வற்றும் நேரத்தில் அலையாத்திச் செடியோரச் சேற்றைப் பாருங்கள். சேற்று உளுவை வெளியே வந்து கிடக்கும். தலையின் உச்சியில் இரண்டு கண், தவளைக்கு மாதிரி. மார்புத் துடுப்பை ஊன்றி நடக்கும், வாலை அடித்துத் தாவும். செவுளறையில் தண்ணீரை அடைத்துக்கொண்டும் ஈரத்தோலாலும் மூச்சு விடும். அதனால் தோல் காயாமல் இருக்க அவ்வப்போது சேற்றில் புரளும். கண்ணை ஈரமாக்க உள்ளே இழுத்து வெளியே விடுவதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். இரண்டு ஆண்கள் எதிரெதிரே முதுகுத் துடுப்பைக் கொடி மாதிரித் தூக்கிக் காட்டி நிற்பதும் நடக்கும். அசையாமல் உட்கார்ந்தால் போதும், செலவு பஸ் டிக்கெட்தான். திருவொற்றியூர்ப் பக்கத் தூண்டில் வளைவுகளின் (கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்வரிசைகளின்) கல்லிடுக்குகளிலும் அலை அடங்கிய நாளில் பொடிமீன் பார்க்கலாம், வழுக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்த முகத்துவாரம் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். அனல் மின் நிலையச் சாம்பலும் வெந்நீரும் பல காலமாக வந்து சேர்கின்றன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை மக்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடி முகத்துவாரத்துக்குள்ளேயே வந்தது. சேற்றில் வாழும் உளுவைக்கு ஓடிப்போக இடமில்லை. எந்த இடத்தில் எத்தனை பார்த்தோம், எந்த மாதம் காணவில்லை என்று தேதி போட்டு எழுதி வைப்பவர்கள் அந்தந்த ஊரிலேயே இருந்தால் நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கோபுரோ கேமரா எடுத்துக்கொண்டு போகலாமா?

அந்தரத்தில் நிற்கப் பழகிய பிறகு. அதுவரை ஒரு பிளாஸ்டிக் ஸ்லேட்டும் பென்சிலும் போதும். மீனின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வடிவம், பட்டை, என்ன செய்தது, எவ்வளவு ஆழம் என்று எழுதுங்கள். மேலே வந்து படகிலேயே, ஈரம் காயும் முன் நோட்டில் ஏற்றிவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் பாதி மறந்துவிடும்.

கல்லில் மாட்டிய வலையில் மீன் துடிப்பதைப் பார்த்தேன். அறுத்து விட்டுவிடலாமா?

தனியாகச் செய்யாதீர்கள். நைலான் வலை நீரோட்டத்தில் அலைந்து உங்கள் டேங்க் வால்விலும் ஃபின் வாரிலும் சுற்றிக்கொள்ளும். பின்பக்கம் மாட்டினால் நீங்களே விடுவித்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, அது அறுந்த வலையா, யாரோ நேற்று விட்டு இன்று எடுக்கப் போகிற வலையா என்று பாருங்கள். மிதவையும் கயிறும் இருந்தால் அது ஒருவரின் பிழைப்பு, தொடக்கூடாது. பாசி படர்ந்து, கயிறில்லாமல், கல்லைப் போர்த்திக் கிடந்தால் அது விடுபட்ட வலை. ஆழத்தையும் அடையாளத்தையும் ஸ்லேட்டில் குறித்துக்கொண்டு மேலே வந்து படகுக்காரரிடம் சொல்லுங்கள். ஜி.பி.எஸ். புள்ளியைப் போட்டுக்கொள்வார். வெட்டுகத்தியும் பயிற்சியும் உள்ள இரண்டு மூன்று பேர், தண்ணீர் தெளிந்த நாளில் அதற்கென்றே இறங்கி எடுப்பார்கள்.